பந்தை எறிந்தவர்

கால்பந்து வரலாற்றில் கோல் அடித்தவரின் பெயர் நிலைத்துவிடும். அந்தப் பந்து அவரிடம் எங்கிருந்து வந்தது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும். அப்படித் தேடிப் போய்த்தான் எட் மெக்கில்வெனியிடம் வந்து சேர்ந்தேன்.

1950 ஜூன் 29, பிரேசிலின் பெலோ ஹொரிசோன்டே நகரம். முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வந்திருந்த இங்கிலாந்து அன்று அமெரிக்காவோடு மோதியது. இங்கிலாந்து அணியில் பில்லி ரைட், டாம் ஃபின்னி, ஆல்ஃப் ராம்சே என்று ஊரறிந்த பெயர்கள். அமெரிக்க கோல்கீப்பர் ஃபிராங்க் போர்கி சவ ஊர்தி ஓட்டிப் பிழைத்தவர். வால்டர் பார் பள்ளி ஆசிரியர். ஜோ கெய்ட்ஜென்ஸ் ஹெய்ட்டியிலிருந்து நியூயார்க்குக்குப் படிக்க வந்து, செலவுக்காக உணவகத்தில் பாத்திரம் கழுவியவர்.

38ஆம் நிமிடம். கோட்டுக்கு வெளியே நின்று, இரு பாதங்களும் தரையில் பதிய, இரு கைகளாலும் பந்தைத் தலைக்குப் பின்னே கொண்டுபோய் எறிகிறார் மெக்கில்வெனி. சாதாரண த்ரோ இன், ஓர் ஆட்டத்தில் எத்தனையோ முறை நடப்பது. பந்தை வாங்கிய பார் சுமார் 25 கெஜத்திலிருந்து உதைத்தார். அதைப் பிடிக்க இங்கிலாந்து கோல்கீப்பர் பெர்ட் வில்லியம்ஸ் தன் வலப்பக்கம் நகர்ந்துவிட்டார். அதற்குள் பாய்ந்து வந்த கெய்ட்ஜென்ஸின் தலையில் உரசிய பந்து, திசை மாறி மறுபக்கம் வலைக்குள் போனது. கடைசிவரை அந்த 1–0 மாறவே இல்லை. ஆட்டம் முடிந்ததும் பிரேசில் ரசிகர்கள் கெய்ட்ஜென்ஸைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

பந்தை எறிந்தவர்தான் அன்றைய அமெரிக்க அணித் தலைவர். ஆட்டம் தொடங்குமுன் அவரும் பில்லி ரைட்டும் நினைவுப் பரிசு மாற்றிக்கொள்ளும் படம் ஒன்று இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் என் கண் ரைட்டிடம் போவதில்லை. மற்றவர், கிளைடு ஆற்றங்கரையில் கப்பல் கட்டும் தளங்கள் நிறைந்த கிரீனக் ஊரில் 1924இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். வேல்ஸின் ரெக்ஸ்ஹாம் அணிக்காக மூன்றாம் பிரிவில் ஆடிய லீக் ஆட்டங்கள் ஏழு. அதோடு அங்கே கதை முடிந்துவிட்டது. 1949இல் அக்கரைக்குப் போய், அங்கே வசித்த சகோதரியை அண்டி, ஃபிலடெல்ஃபியா நேஷனல்ஸ் அணியில் சேர்ந்தார். எத்தனையோ பேரைக் கப்பலேற்றி அனுப்பிய ஊர் கிரீனக். அவர்களில் இவரும் ஒருவர். மறு ஆண்டே உலகக் கோப்பை.

அந்தப் போட்டிக்கு ஸ்காட்லாந்து வரவே இல்லை. பிரிட்டிஷ் நாடுகளுக்கிடையிலான போட்டியில் முதலிரு இடம் பெறும் அணிகளுக்கு வாய்ப்பு இருந்தும், முதலிடம் வந்தால்தான் போவோம் என்று சொல்லி, இரண்டாமிடம் வந்ததும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அந்த வீறாப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களின் வாய்ப்பு அதில் போயிற்று. ரெக்ஸ்ஹாமில் ஏழு ஆட்டம் ஆடியவரைச் சொந்த நாடு எப்படியும் எடுத்திருக்காது என்பது வேறு விஷயம். அமெரிக்கப் பயிற்சியாளர் பில் ஜெஃப்ரியும் ஸ்காட்லாந்திலிருந்து போனவர்தான். பென்சில்வேனியா ரயில்வேயில் வேலை பார்த்துப் பிறகு கல்லூரிப் பயிற்சியாளர் ஆனவர். வழக்கமாகத் தலைவராக இருந்த பாரை விட்டு, இங்கிலாந்தோடு ஆடும் நாளில் அந்தப் பொறுப்பைத் தன் நாட்டுக்காரரிடம் கொடுத்தார்.

அமெரிக்காவுக்காக மெக்கில்வெனி ஆடியவை மொத்தம் மூன்று ஆட்டங்கள்; ஸ்பெயினோடும் சிலியோடும் தோல்வி. அந்த ஆகஸ்டிலேயே மான்செஸ்டர் யுனைடெட்டின் மேட் பஸ்பி அவரை எடுத்துக்கொண்டார். ஆகஸ்ட் 19இல் ஃபுல்ஹாமை வென்ற ஆட்டத்தில் இறங்கினார், நான்கு நாள் கழித்து லிவர்பூலிடம் தோற்ற ஆட்டத்திலும். அதன் பின் முதல் அணியில் இடமே கிடைக்கவில்லை. 1953இல் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டுக்குப் போனார். 1989இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் காலமானார்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு நாள் அதிர்ஷ்டம் அடித்தவர் என்கிறார்கள் சிலர். எனக்கு ஒப்பவில்லை. ஃபின்னியும் மார்டென்சனும் தாக்கிக்கொண்டே இருந்த அந்தப் பிற்பகலில், நடுக்களத்தில் நின்று மறித்தவர்களில் இவர் ஒருவர். தொண்ணூறு நிமிடம் அதிர்ஷ்டத்தால் நிற்காது.

இன்னொரு பழியும் உண்டு. மெக்கில்வெனி, கெய்ட்ஜென்ஸ், பெல்ஜியத்தில் பிறந்த ஜோ மாகா மூவருமே அமெரிக்கக் குடிமக்கள் இல்லை. ஆகவே அது அமெரிக்க வெற்றியே அல்ல என்றார்கள். குடியுரிமை பெறும் எண்ணத்தை அறிவித்தாலே போதும் என்பது அமெரிக்கச் சங்கத்தின் அன்றைய விதி. ஒரு மண்ணில் பிழைக்க வந்து, அங்குள்ளவர்களோடு ஓய்வு நாள்களில் பந்து உதைத்து, அவர்களுக்காகக் கடல் தாண்டிப் போய் ஆடியவரிடம் இதற்கு மேல் என்ன அத்தாட்சி கேட்க வேண்டும்? அந்த ஆண்டின் இறுதியில் ஃபிஃபா அமெரிக்க அணிமீது தவறில்லை என்று தீர்த்தது. அதற்குள் மெக்கில்வெனி மான்செஸ்டருக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.