காரணம் காண்பவர்கள்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியில் விசுவமடு, உடையார்கட்டு முதலிய ஊர்களைக் கடந்து புதுக்குடியிருப்புச் சந்தியில் இறங்குகிறவர்கள், கடைகளையும் சந்தையையும் பார்த்த அளவில் ஊரைப் பார்த்துவிட்டதாக எண்ணித் திரும்பிவிடுவது வழக்கம். பிரதான வீதியை விட்டு ஓர் ஒழுங்கைக்குள் இறங்கி, வேப்பமர நிழலில் நாலு கப்பும் தகரக் கூரையுமாக நிற்கும் கராஜ் ஒன்றில் ஒரு காலைப்பொழுதைக் கழிப்பவருக்கோ, வன்னி மண்ணில் வாழ்ந்தவர்கள் எத்தகைய கல்வியைக் கற்றிருக்கிறார்கள் என்பது ஓரளவு விளங்கும். மாரி மழை ஓய்ந்த தை மாதத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியராகிய என் நண்பரின் மொறிஸ் மைனர் கார் ஸ்ராட் ஆக மறுத்து, லான்ட்மாஸ்டரின் பின்னால் கயிற்றில் கட்டுண்டு அத்தகைய கராஜ் ஒன்றுக்குச் சென்றபோது, தொழிலைப் பார்க்கும் ஆசையால் நானும் உடன் சென்றேன்.

1948ஆம் ஆண்டில் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதல் உலகின் பார்வைக்கு வந்ததும், அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரின் சிருஷ்டியும், 16 இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தி செய்யப்பட்டதுமான இந்தக் காரை, இலங்கைத் தமிழர் ஆசிரியர் வீட்டிலும் வைத்தியர் வீட்டிலும் பிரசித்த நொத்தாரிசு வீட்டிலும் ஒரு காலத்தில் சாதாரணமாகக் கண்டனர். நண்பருடையது 948 கன சென்றிமீற்றர் எஞ்சின் பூட்டியது.

கராஜின் சொந்தக்காரர் எழுபதை நெருங்குபவர். ஊரில் எல்லோருக்கும் அண்ணை. “பற்றறி போல கிடக்கு, அண்ணை” என்று நண்பர் ஆரம்பித்தவுடனேயே அவர் புன்னகையோடு இடைமறித்தார்: “மாஸ்ரர், கார் என்ன செய்தது எண்டு மட்டும் சொல்லுங்கோ. என்ன பிழை எண்டு நான் பாக்கிறன்.” மரியாதை குறையாத அந்த வாக்கியத்தில் அவருடைய சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருந்தது என்பதைச் சற்று நேரத்தில் கண்டுகொண்டேன்.

சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, ஒன்றையும் தொடாமல் செவிசாய்த்து நின்றார். எஞ்சினுக்குப் பின்புறமிருந்து ‘டிக், டிக்’ என்று எழுந்த ஓசை வரவர மெதுவாகி அடங்கியது. அது மின்சாரத்தால் இயங்கும் பெற்றோல் பம்பின் ஓசை. காபரேற்றரின் மிதவைக் கிண்ணம் நிறைந்தால் அது தானாக ஓயும். ஓயாமல் அடித்துக்கொண்டேயிருந்தால் தாங்கி வெறுமை, அல்லது குழாயில் எங்கோ காற்று. அடிக்கவே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது பம்பே பழுது. ஆகவே எரிபொருள் வருகிறது என்பது, ஒரு திருகாணியைத் தானும் கழற்றாமல் செவிப்புலனாலேயே நிச்சயமாயிற்று.

அடுத்தது தீப்பொறி. கொயிலிலிருந்து வரும் தடித்த வயரை டிஸ்ரிபியூட்டரின் மூடியிலிருந்து உருவி, அதன் நுனியை எஞ்சினின் இரும்புக்குக் கால் அங்குலம் எட்டப் பிடித்துக்கொண்டு, ஹாண்டிலைச் சுற்றும்படி உதவிக்கு நின்ற பெடியனுக்குக் கண்காட்டினார். பொறி எழவில்லை. பிளக்குகளைக் கழற்றப் போன பெடியனை, “அதிலை கை வையாதை. கொயில் வயரிலையே நெருப்பு இல்லை எண்டால் பிளக் என்னடா செய்யும்?” என்று தடுத்தார். பிளக், மூடி, ரோட்டர் ஆகிய யாவும் அந்த வயருக்கு அப்பால் இருப்பவை. அவற்றைச் சந்தேகிக்க நியாயமில்லை.

முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் கடைசி வயலுக்கு வந்து சேரவில்லையென்றால், அந்த வயலைத் தோண்டிக்கொண்டிராமல் வாய்க்கால் கரையோடு நடந்து, எதுவரை தண்ணீர் நிற்கிறது என்று பார்க்கும் கமக்காரனைப் போல, இரண்டு துண்டு வயர் பொருத்திய ஒரு சிறிய பல்பைக் கையிலெடுத்து அவர் மின்சாரத்தின் வழியே நடந்தார். கொயிலின் ஒரு முனையில் பல்ப் எரிந்தது. மறுமுனையிலும், டிஸ்ரிபியூட்டரின் வெளிமுனையிலும் எரிந்தது. ஹாண்டிலை மெதுவாகச் சுற்ற, டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற் மூடுகிறபோது அது அணைய வேண்டும், அணையவில்லை. பொயின்றை மெல்லிய எமரித் தாளால் துடைத்து, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்காக இடைவெளியைச் சரிசெய்த பின்னரும் அணையவில்லை. பொயின்றின் வில்லிலேயே நேராகப் பல்பைத் தொட்டபோதோ அது எரியவே இல்லை. வெளிமுனை வரை வந்த மின்சாரம் வில்லுக்கு வரவில்லையென்றால், இரண்டுக்கும் இடையே கிடக்கும் ஒரு விரல் நீளமும் இல்லாத வயரைத் தவிர வேறெதிலும் பிழை இருக்க இயலாது. பார்வைக்கு அந்த வயர் பழுதற்றது. அண்ணை இரு விரலால் இழுத்தபோது உறை மட்டும் இழுபட்டு நீண்டது, உள்ளே செம்பிழைகள் யாவும் அறுந்திருந்தன. கார் ஓடும்போதெல்லாம் அது இணைந்திருக்கும் தட்டு சிறிது திரும்பித் திரும்பி அசைவதால், அறுபது ஆண்டு வளைவும் நிமிர்வும் அந்த இழைகளைக் களைக்கச் செய்துவிட்டன. தட்டின் அசைவைத் தடுக்காத மெல்லிய பல்லிழை வயரைத் தேடியெடுத்து, ஈயம் வைத்து ஒட்டிப் பூட்டியதும், ஹாண்டிலின் ஒரு சுற்றிலேயே எஞ்சின் உயிர்கொண்டது.

இந்த நிதானத்தை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். “தடைக் காலம்தான் படிப்பிச்சது, தம்பி. பழுதெண்டு ஒரு சாமானை எறிஞ்சால் அடுத்தது எங்கை இருந்து வாறது? அதாலை, பழுதெண்டு நிச்சயமாத் தெரியாமல் ஒண்டையும் கழட்ட மாட்டம்” என்றார்.

1990இன் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டதிலிருந்து 2002இன் தொடக்கம் வரை, பெற்றோலும் பற்றறியும் வாகன உதிரிப்பாகங்களும் வடபுலத்துக்கு வராமல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படிக்க, சைக்கிள் டைனமோவைச் சுழற்றிப் பெரியோர் வானொலி கேட்க, பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெயோ சூடு காணாமல் ஆவியாகாது. எனவே, சிறு போத்தலில் காத்து வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயை விட வேண்டும். அமுக்கம் குறைந்த பழைய பிரித்தானிய எஞ்சின்கள் இதைச் சகித்தன. அமுக்கம் மிகுந்தவை ‘கடகட’வென்று அடித்துக்கொண்டன. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்குகளில் கரி படியும். 1946 முதல் 1956 வரை கொவென்றியில் செய்யப்பட்ட பெர்குசன் டீ.ஈ.20 உழவு இயந்திரத்தின் ஒரு வகை, பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெய் இனத்து எரிபொருளுக்கு மாறும்படியாகவே தொழிற்சாலையில் அமைக்கப்பட்டது. பெரிய தொழிற்சாலை வரைபடத்தோடு செய்த காரியத்தை, வரைபடமில்லாத வன்னி மெக்கானிக்குகள் தேவையின் நிர்ப்பந்தத்தால் செய்து முடித்தார்கள்.

2009இல், போரின் இறுதி மாதங்களில், ஊர் முழுதும் பெயர்ந்து கிழக்கே நகர்ந்தபோது அண்ணையின் கருவிப்பெட்டியும் தொலைந்தது; எரிந்து துருவேறிய வாகனங்கள் முள்ளிவாய்க்காலில் சில ஆண்டுகள் குவியலாய்க் கிடந்தன. மீளக் குடியேறியபோது அவரிடம் எஞ்சியிருந்த மூலதனம், பிழையைப் படிப்படியாகத் தேடும் அந்தக் கிரமம் ஒன்றுதான். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இன் தொடக்கத்தில் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, பழைய வாகனத்தை ஓட வைக்கத் தெரிந்த கைக்கு நாடெங்கும் மதிப்பு உயர்ந்தது. அவரிடமும் வேலை நிறைந்தது. ஆனால் பெடியன்களுக்கு இப்போது எந்தச் சாமானும் ஒரு தொலைபேசி அழைப்பில் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்துவிடுகிறது. சந்தேகம் வந்தால் கொயிலை மாற்று, பின்னர் பொயின்றை மாற்று, எதையேனும் மாற்றும்போது கார் கிளம்பிவிடும் என்ற பழக்கம் அவர்களிடம் வேரூன்றி வருவதாக அவர் கவலைப்பட்டார்.

அந்தக் கவலைக்கு வாடிக்கையாளரும் ஓரளவு பொறுப்பாளிகளே. புதுக் கொயிலின் விலையைப் பற்றுச்சீட்டில் கண்டு மறுபேச்சின்றிக் கொடுப்பவர்கள், ஒரு துண்டு வயரை ஒட்டியதற்கு இவ்வளவா என்று பேரம் பேசுகிறார்கள். கொயில் பழுதில்லை என்று கண்டறிந்து ஒருவர் மிச்சப்படுத்தித் தந்த பணம் எந்தப் பற்றுச்சீட்டிலும் எழுதப்படுவதில்லை. அண்ணை கேட்ட கூலியை நண்பர் குறைக்காமல் கொடுத்தார். மற்றவர்களும் அவ்வாறு கொடுக்கப் பழகினாலன்றி, தடை கற்பித்த அந்தக் கல்வியைச் சுபிட்ச காலத்தில் எந்த இளைஞனும் விரும்பிக் கற்கப் போவதில்லை.