எப்படித் தெரியவில்லை?

"வெப்சைட் தெரிய மாட்டேங்குது" என்று கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எப்படித் தெரியவில்லை என்பதைத்தான். தெரியாததில் 'எப்படி' என்ன வேண்டிக்கிடக்கிறது என்பது போலப் பார்ப்பார்கள். ஆனால் கணினியில் பிரவுசர் போட்டுக்கொடுத்து, அதற்கு வேண்டிய மென்பொருளையும் சேர்த்துக்கொடுக்கும் இந்தத் தொழிலில் பாதி வேலை அந்தப் பதிலிலேயே முடிந்துவிடும். ஒரு பக்கம் தெரியாமல் போவதற்குக் விரல்விட்டு எண்ணும் அளவு வழிகள்தான் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி முகம் இருக்கிறது.

தமிழை எடுத்துக்கொள்வோம். எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் கட்டம் கட்டமாக வந்தால், அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. தலையில் கீற்று வைத்த ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்' எழுத்தும் மாறி மாறி வந்தால் எழுத்துருவில் குறை இல்லை. யூனிகோடில் வந்த பக்கத்தைப் பிரவுசர் மேற்கத்திய மொழிப் பக்கம் என்று நினைத்துப் படித்துக்கொண்டிருக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். அந்த மூன்றில் முதல் பைட்டைத் தனி எழுத்தாகப் படித்தால் கிடைப்பதுதான் அந்தக் கீற்று 'ஏ'. தமிழ்க் குறியீடுகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே என்பதால்தான் பக்கம் முழுக்க அதே எழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. குறியாக்கத்தை மாற்றினால் போதும். எதையும் நிறுவ வேண்டாம்.

ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு செமிகோலன் என்று சாதாரண ஆங்கில எழுத்துகளே வரிசை கட்டி நின்றால் அது இன்னொரு ரகம். 'தமிழ்' என்ற சொல்லைப் பாமினி எழுத்துருவில் அடித்தால் உள்ளே சேமிக்கப்படுவது அந்த ஐந்து குறிகள்தான். பாமினி இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் கிறுக்கல். பழகிய கண்ணுக்கு இன்றைக்கும் அந்தக் கிறுக்கலே தமிழாகத்தான் தெரிகிறது.

கடைசி ரகம் கொஞ்சம் நுணுக்கமானது. எழுத்தெல்லாம் தமிழாகவே இருக்கும், ஆனால் படிக்க வராது. 'கொடி' என்ற சொல்லில் ககரத்துக்கு முன்னால் ஒற்றைக் கொம்பும் பின்னால் காலும் வர வேண்டும். யூனிகோடில் முதலில் ககரம், அதற்குப் பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னால் தள்ளி, காலைப் பின்னால் நிறுத்துவது எழுத்துகளைக் கோத்துக்கொடுக்கும் தனி மென்பொருளின் வேலை. விண்டோஸில் அதற்கு யூனிஸ்கிரைப் என்று பெயர். அது இல்லாவிட்டால் ககரம் தனியே நிற்கும். கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு அதற்குப் பின்னால் நிற்கும்.

இப்போது தொழிலுக்கு வரும் பையன்களுக்கு இதெல்லாம் பழங்கதை. எங்கள் பிரவுசிங் சென்டர் நாட்களில் இதுதான் அன்றாடப் பிழைப்பு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களைத் தமிழக அரசு தரப்படுத்தியது. இணையத்தில் பலநாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கிய டிஸ்கி ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. போதாததற்கு ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. ஒரே எண்ணுக்கு ஓர் எழுத்துருவில் ஓர் எழுத்து, இன்னொன்றில் வேறோர் எழுத்து. ஆகவே ஒரு பத்திரிகையைப் படிக்க அமைத்த பிரவுசரில் அடுத்த பத்திரிகையைத் திறந்தால் கொலைபாதகம்தான். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் வியூ, என்கோடிங், யூசர் டிஃபைண்டு என்று போய், அதற்குரிய எழுத்துருவாக டிஸ்கியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைப்போம். பக்கத்தோடு கூடவே எழுத்துருவும் இறங்கிவரும் 'டைனமிக் ஃபான்ட்' வந்தபோது பெரிய நிம்மதியாக இருந்தது. அதிலும் எக்ஸ்புளோரருக்கு ஒரு வடிவம், நெட்ஸ்கேப்புக்கு வேறொரு வடிவம்.

யூனிகோடு வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். வந்ததுதான், ஆனால் விண்டோஸ் எக்ஸ்பியில் அதன் கதவு வேறொரு பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருந்தது. கண்ட்ரோல் பேனலில் ரீஜினல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸைத் திறந்து, லாங்குவேஜஸ் பகுதிக்குப் போனால், 'சிக்கலான எழுத்துமுறைகள், வலமிருந்து இடமாக எழுதும் மொழிகள்' என்று ஒரு வரி இருக்கும். அடைப்புக்குறிக்குள் தாய்லாந்து மொழியின் பெயர் இருக்கும், தமிழ் இருக்காது. தமிழனாகப் பிறந்தவன் அதில் டிக் போட வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வான்? போட்டால் எக்ஸ்பியின் சிடியைக் கேட்கும். சிடி யாரிடமும் இருக்காது. அதனால் அதிலிருக்கும் ஐ386 ஃபோல்டரை டி டிரைவில் முன்கூட்டியே போட்டு வைப்பது எங்கள் வழக்கம்.

செல்பேசியில் ஒபேரா மினி காலம் அதற்கு அடுத்தது. தமிழ் எழுத்துருவே இல்லாத சின்ன போன்களிலும் தமிழ் படிக்க வைத்தது அது. முகவரி கட்டத்தில் 'ஒபேரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக்' என்று அடித்தால் ஒரு பட்டியல் திறக்கும். அதில், சிக்கலான எழுத்துமுறைகளுக்குப் பட எழுத்துகளைப் பயன்படுத்தலாமா என்ற வரிக்கு 'யெஸ்' போட்டுச் சேமித்தால் முடிந்தது. எழுத்துகளை ஒபேராவின் சர்வரே படமாக வரைந்து அனுப்பிவிடும். டேட்டா கொஞ்சம் கூடுதலாகப் போகும், எழுத்தைக் காப்பி பண்ண முடியாது. ஆனால் படிக்க முடிந்தது. கல்லூரிப் பையன்கள் இந்த வித்தையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்ததால் எனக்கு அதில் வருமானம் இல்லை.

இன்று விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் தமிழ் எழுத்துரு தானாகவே இருக்கிறது. அப்படியானால் என் கடைக்கு யார் வருகிறார்கள்? முன்பைவிட அதிகம் பேர் வருகிறார்கள். அன்றைக்குப் பிரவுசரில் இல்லாததைச் சேர்த்துக் கொடுத்தேன். இன்றைக்குப் பெரும்பாலும், இருக்கக் கூடாததை எடுத்துக் கொடுக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் லேப்டாப்போடு வந்தார்.

"தம்பி, பேப்பர் படிக்க விடாம மூலையில வைரஸ் வைரஸ்னு வந்துகிட்டே இருக்கு."

"ஐயா, பிரவுசரை மூடின பிறகும் வருதா?"

"டெஸ்க்டாப்புலயே வருது."

வைரஸ் எதுவும் இல்லை. ஏதோ ஒரு தளம் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா' என்று கேட்டிருக்கிறது. கட்டத்தை ஒழித்தால் போதும் என்று அவர் 'அலவ்' அழுத்தியிருக்கிறார். குரோமில் சைட் செட்டிங்ஸ் போய், நோட்டிஃபிகேஷன்ஸ் பட்டியலைத் திறந்தேன். பெயரே வாயில் நுழையாத தளங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றையும் நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று மாற்றி வைத்தேன். அடுத்து, அவர் கேட்காமலே குடியேறியிருந்த எக்ஸ்டென்ஷன்கள், மாறிப்போயிருந்த தேடுபொறி. எதையும் புதிதாக நிறுவவில்லை. இதுமாதிரி வேலைக்குக் காசு கேட்கும்போதுதான் சங்கடம், "என்ன போட்டீங்க?" என்பார்கள்.

எல்லாத் தளங்களும் ஒரே நேரத்தில் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால், நான் பிரவுசரைத் தொடுவதில்லை. கடிகாரத்தைப் பார்ப்பேன். தளங்களின் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, கணினி தன்னைப் பல வருடம் முன்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டால், அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. நாணயம் அளவு பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் வங்கித் தளம் முதற்கொண்டு எல்லாம் திறந்துவிடும்.

பழைய தளங்களின் சிக்கல் வேறு. 2015 செப்டம்பரில் வந்த 45ஆம் பதிப்போடு குரோம் பழைய பிளக்இன் முறையைக் கைவிட்டது. ஜாவா ஆப்லெட்டை நம்பியிருந்த டிஜிட்டல் கையொப்ப வேலைகள் அதில் நின்றன. ஃபிளாஷ் 2020 இறுதியோடு முடிந்தது. 2022 ஜூன் 15 அன்று இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கும் ஆதரவு நின்றது. ஆனால் அதை மட்டுமே நம்பிக் கட்டிய அலுவலகத் தளங்கள் நின்றுவிடவில்லை. அவற்றை எட்ஜ் பிரவுசருக்குள் 'ஐஇ மோடு' வைத்துத் திறக்கிறோம். தளத்தின் முகவரியை ஐஇ மோடுக்கான பட்டியலில் நாமே சேர்த்தால் 30 நாள்தான் செல்லும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், "நீங்க பார்த்தது ஒரு மாசம்கூடத் தாங்கல" என்று பேர் கெட்டுவிடும். புதுப்பிக்கும் முறையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்குக் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. "இன்னும் ரெண்டு வருஷம் ஓடுமாப்பா?" என்று கேட்பார்கள். கணினி ஓடும். செய்தி படிக்கலாம், பாட்டுக் கேட்கலாம். வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். விற்பதற்குப் புதுக் கணினி கடையில் இருக்கும்போது இதைச் சொல்வது வியாபாரத்துக்கு ஆகாதுதான்.

வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்கள் எதற்கெடுத்தாலும், "அண்ணே, ஃபார்மேட் போட்டுடலாமா?" என்பார்கள். போட்டால் நோய் போய்விடும் என்பது உண்மைதான். எதனால் வந்தது என்பதும் அதோடு போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. என்னிடம் வருபவர்களில் பலருக்கு வங்கித் தளத்தின் முகவரி தெரியாது. புக்மார்க் பட்டையில் இடமிருந்து மூன்றாவது படம்தான் அவர்களுக்கு வங்கி. அதற்கு அடுத்தது மின்கட்டணம். அதற்கும் அடுத்தது மகள் இருக்கும் ஊரின் வானிலை. பாஸ்வேர்டு என்ன என்றால், "அது அதுவா வருமே" என்பார்கள். அந்த வரிசையைக் கலைத்துவிட்டுப் பளபளவென்று புதுப் பிரவுசரைக் கையில் கொடுத்தால், அவருக்கு எதுவுமே தெரியாது. திரையில் எல்லாம் சரியாக இருக்கும். அவர் மட்டும் எங்கே தொடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

அதனால் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை இதுதான். முதலில் எப்படித் தெரியவில்லை என்று கேள். கேட்டதைத் திரையில் பார். கடிகாரத்தைப் பார். வேறொரு பிரவுசரில் திறந்து பார்; அதில் தெரிந்தால் கோளாறு தளத்தில் இல்லை. எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார். வேறு வழியே இல்லை என்றால் மட்டும் புதிதாக ஒன்றை நிறுவு. அதற்கு முன் புக்மார்க்கையும் பாஸ்வேர்டையும் எடுத்து வை, பழைய வரிசையிலேயே திரும்ப அடுக்கு. கடைசியில் மவுஸை அவர் கையில் கொடு. நீ திறந்து காட்டினால் அது உனக்குத்தான் தெரிகிறது. அவர் திறந்து, அவருக்குத் தெரிந்த பிறகு பில் போடு.