விழுந்ததும் எழுந்ததும்

தமிழ்த்துறையினராகிய எங்களுக்கு எந்திரங்களோடு உறவு குறைவு. கணிப்பொறித்துறை நண்பர் அழைத்ததன்பேரில் ஒரு மாலை அவருடைய அறையில் கூடி, 2015 ஜூன் 5, 6 நாட்களில் அமெரிக்காவின் பொமோனாவில் நடந்த தார்ப்பா ரோபோ போட்டியின் ஒளிப்பதிவைப் பார்த்தோம்.

2011ஆம் ஆண்டு ஃபுகுஷிமா அணு உலை விபத்தின்போது, மனிதர் நுழைய இயலாத இடத்தில் வேலை செய்யத்தக்க எந்திரம் கைவசம் இல்லையே என்ற குறையிலிருந்து பிறந்த போட்டி அது. வண்டி ஓட்டி வந்து இறங்க வேண்டும். கதவைத் திறக்க வேண்டும். வால்வைத் திருக வேண்டும். சுவரைத் துளைக்க வேண்டும். இடிபாடுகளைக் கடந்து படியேற வேண்டும். ஒரு மணி நேரம் கெடு. தாங்கிப் பிடிக்கக் கயிறு கிடையாது. இயக்குவோருடனான தொடர்பும் வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருந்தது.

ஓர் எந்திரம் கதவின்முன் நிமிடக்கணக்காக அசையாமல் நிற்கிறது. சலிப்பூட்டியிருக்க வேண்டிய காட்சி. ஆனால் கண்ணெடுக்க முடியவில்லை. கார்ப் பந்தயத்தின் வேகம் எங்கள் உடம்புக்குப் பழக்கமில்லாதது. கதவு திறப்பதோ அன்றாடம் செய்வது. அதன் விரல்கள் கைப்பிடியைத் தேடுகையில், நாற்காலியின் கையைப் பற்றியிருந்த எங்கள் விரல்களும் இறுகின.

பிறகு ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. கள்ளுண்டவர்போல் ஆடிச் சாய்ந்ததைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தோம். நண்பர் சிரிக்கவில்லை. "இதை நிற்க வைக்கவே அந்தப் பிள்ளைகள் எத்தனை ராத்திரி தூங்காம இருந்திருப்பாங்க சார்" என்றார்.

சிம்ப் என்ற எந்திரமும் விழுந்தது. ஆனால் கைகால்களை மெல்ல மடக்கி, ஆள் துணையின்றித் தானே எழுந்தது. எங்களையறியாமல் கைதட்டினோம். 44 நிமிடம் 28 விநாடியில் எட்டு வேலைகளையும் முடித்து, இருபது லட்சம் டாலர் வென்றது கொரியாவின் ஹூபோ. மண்டியிட்டு, முழங்காலில் பொருத்திய சக்கரங்களில் உருண்டு சென்ற அறிவுள்ள எந்திரம். அதை வியந்தோம், ஆனால் சிம்ப்புக்குத் தட்டியதுபோல் தட்டவில்லை. விழக்கூடும் என்ற அச்சமே பார்ப்பவரையும் களத்திற்குள் இழுத்துவிடுகிறது போலும்.

வீடு திரும்பும் வழியில் எங்களுக்குள் பேச்சில்லை. அந்த வாரந்தான் வகுப்பில் ஒரு மாணவி செய்யுளை வாசிக்கையில் சீர் பிரிக்கத் தெரியாமல் தடுமாறினாள். வகுப்பு சிரித்தது. எங்களில் ஒருவர் அதைத் தடுக்கவில்லை. புன்னகைத்தபடி அடுத்தவரை வாசிக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் அவளையே மீண்டும் வாசிக்கச் சொன்னோம். இரண்டிடத்தில் நின்றாள். காத்திருந்தோம்.