ஆரம்பப் பள்ளியும் ஆராய்ச்சியும்

ஆரம்பப் பள்ளி ஆசிரியரின் வேலை மாறிவிட்டது என்று சொல்லாதவர் இன்று யாருமில்லை. ஆனால் அந்த வேலை பள்ளி நேரத்தின் எந்தப் பகுதியில், எதைக் கைவிட்டு எதைப் பற்றிக்கொண்டு மாறியது என்பதை அருகிலிருந்து பார்த்துச் சொல்லக்கூடியவர் மிகச் சிலரே. திருவண்ணாமலை மாவட்டத்து ஈராசிரியர் பள்ளி ஒன்றில், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே அறையில் வைத்து நெடுங்காலமாகக் கற்பித்து வருகிற எனக்கு, ஆசிரியர் பயிற்சி நிறுவனத்து விரிவுரையாளர்கள் சிலரோடும் அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களோடும் சேர்ந்து இந்த விஷயத்தை ஆராயும் சந்தர்ப்பம் வாய்த்தது. ஆசிரியரின் வேலையைப் பற்றிய ஆராய்ச்சியில், எது வேலை என்று தீர்மானிக்கும் பொறுப்பில் ஆசிரியருக்கும் பங்கு இருந்தாக வேண்டும் என்ற அபிப்பிராயம் அந்த அநுபவத்தினால் எனக்கு உறுதிப்பட்டது.

2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08-ஆம் கல்வியாண்டில் மாநிலம் எங்கும் பரவிய செயல்வழிக் கற்றல்தான் எங்கள் தலைமுறை ஆசிரியர்களின் வேலையை அடியோடு புரட்டிய மாற்றம். நாற்காலியில் அமர்ந்து வகுப்பு முழுவதற்கும் ஒரே பாடத்தைச் சொல்லி வந்த நாங்கள் பாயில் இறங்கி உட்கார்ந்தோம். கரும்பலகை பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி சுவரில் தாழ வந்தது. சின்னம் பொறித்த அட்டைகளைத் தட்டிலிருந்து தாமே எடுத்து, கற்றல் ஏணியில் தமக்குரிய படியைக் கண்டுகொண்டு, ஆசிரியர் உதவும் குழுவிலோ சக மாணவர் உதவும் குழுவிலோ போய் உட்காரப் பிள்ளைகள் பழகினார்கள். அந்த முறையில் குறைகள் இருந்தன. அட்டையை முடிப்பதே படிப்பு என்று ஆகிவிட்ட வகுப்புகளும் உண்டு. ஆயினும் அதன் தொடக்க காலத்தை நான் மரியாதையோடு நினைப்பதற்குக் காரணம், ரிஷிவேலிக்குச் சென்று அங்குள்ள கிராமப் பள்ளிகளின் முறையைக் கண்டு வந்த மாநகராட்சி ஆசிரியர்களே அந்த அட்டைகளை உருவாக்குவதில் ஈடுபட்டார்கள் என்பதுதான்.

2022-இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். வருகைப் பதிவும் மதிப்பீடும் செல்பேசிச் செயலிக்குள் போய்விட்டன. அதே ஆண்டில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை மட்டும் ஒரு சுமையாக நான் எண்ணவே மாட்டேன். பசியோடு முதல் மணிக்கு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எழுத்தறிவிக்க முயன்றவர்கள் எவரும் எண்ண மாட்டார்கள்.

ஆராய்ச்சிக்காக எங்களோடு சேர்ந்த விரிவுரையாளர்களில் ஒருவர் முதலில் கொண்டுவந்தது கட்டங்கள் போட்ட ஒரு தாள். கற்பித்தல், மதிப்பீடு, பதிவேடு, இதர பணி என்ற தலைப்புகளின் கீழ், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை குறியிட வேண்டியது அவருடைய வேலை. அவர் பின்பாயில் அமர்ந்திருக்க, நான் செல்பேசியில் மதிப்பீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைக் 'கொடி' என்ற சொல்லைப் படிக்கச் சொன்னேன். அவள் 'கெ' என்றாள். பிறகு துணைக்காலைத் தனியாகப் பார்த்து 'கா' என்றாள். அதன்பின் எழுத்தை விட்டுவிட்டு, என் விரல் எந்தப் பொத்தானை அழுத்தப் போகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்பேசியை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அவளுடைய சிலேட்டில் ஒற்றைக்கொம்பை ஒரு புறமும் துணைக்காலை மறுபுறமும் எழுதி, நடுவில் இடம் விட்டு அவளிடம் கொடுத்தேன். சற்று நேரம் பார்த்திருந்தவள், இடைவெளியில் 'க' எழுதினாள். எழுதிய கையோடு, "கொ, டீச்சர்" என்றாள். நான் கேளாமலே 'கோ'வுக்கு இரட்டைக்கொம்பும் போட்டுக் காட்டினாள்.

மாலையில் திண்ணையில் உட்கார்ந்தபோது, "டீச்சர், அதை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?" என்று விரிவுரையாளர் கேட்டார். அவர் குறித்திருந்தது மதிப்பீடு. செயலியின் கணக்கில் அது தாமதம். என் கணக்கில் அன்றைய தினத்தின் பிரதான கற்பித்தலே அதுதான். அந்தக் கேள்வியைப் பற்றி நாங்கள் வெகுநேரம் பேசினோம். முடிவில் தாளையே மாற்றி அமைத்தோம். தலைப்புகளை எடுத்துவிட்டு, கண்டதை அவர் ஒரு பக்கமும் செய்ததை நான் மறுபக்கமும் எழுதுவது, இரண்டும் ஒத்துப்போகாத இடங்களை மட்டும் சேர்ந்து படிப்பது என்று ஏற்பாடாயிற்று.

ஒத்துப்போகாத அந்த இடங்களில்தான் விஷயம் இருந்தது. நான் ஒரு பிள்ளையோடு குனிந்திருக்கும் நேரங்களில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் பார்ப்பதையும், தப்பான எழுத்தை அழிக்காமல் பக்கத்தில் சரியானதை எழுதிக் காட்டுவதையும் அவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். என் முதுகுக்குப் பின்னால் நடப்பதை நான் எப்படி அறிவேன்! அட்டைகள் எல்லாம் பீரோவுக்குள் போய்ப் பல ஆண்டுகள் ஆகியும், சக மாணவர் உதவும் குழு அந்த அறையின் வழக்கமாகவே தங்கிவிட்டது என்பதை அவர் பின்பாயிலிருந்து கண்டிராவிட்டால், மூன்று வகுப்புகளை ஒருத்தியே சமாளிக்கும் சாமர்த்தியம் என்று அதற்கு வேறு பெயர் சூட்டியிருப்பார்கள். ஒரு திட்டம் போய் இன்னொன்று வரும்போது எது மிஞ்சுகிறது என்பதற்குச் சாட்சியமே இல்லாமல் போயிருக்கும்.

அமெரிக்காவில் ஸ்டீபன் கோரி 1953-இலும் இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975-இலும் வெளியிட்ட நூல்களில், தம் வகுப்பறையை ஆராயும் ஆற்றலும் உரிமையும் ஆசிரியருக்கு உண்டு என்று வாதாடியிருக்கிறார்கள். நம் பயிற்சி நிறுவனங்களிலும் செயல் ஆராய்ச்சி என்ற பெயரில் அது வழங்கி வருகிறது; ஆனால் வினாத்தாளை நிரப்பித் தந்த ஆசிரியருக்கு, அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டார்கள் என்ற செய்தி திரும்பி வருவது அபூர்வம். இந்த வழக்கம் எனக்குப் பெரிய வேதனை தருகிறது. அலட்சியமாய் விடைகளை நிரப்பி அனுப்பும் பழக்கம் ஆசிரியர்களிடம் வளர்ந்திருப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எங்கள் குழு இப்போது அறிக்கையின் வரைவை எழுதிக்கொண்டிருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் குறுவள மையக் கூட்டத்தில் அதை முழுவதும் வாசிப்பது என்றும், ஆசிரியர் ஆட்சேபித்த இடங்களில் அந்த ஆட்சேபத்தையும் உடன் அச்சிடுவது என்றும், எழுதியவர்களின் பெயர் வரிசையில் ஆசிரியர்களையும் சேர்ப்பது என்றும் பேசி வைத்திருக்கிறோம். அவகாசம் ஒன்றுதான் இன்னும் கிட்டவில்லை. ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் வெளியே வந்தால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் பார்த்தாக வேண்டும் என்பதனால், மாதத்தில் ஒரு பிற்பகலுக்கு வட்டார வள மையத்திலிருந்து ஒருவரை அனுப்பித் தரும்படி விண்ணப்பம் எழுதியிருக்கிறோம்.