மற்றும் நண்பர்கள்

சங்கீதம் என்று பேச்சு வந்தால் புதுக்கோட்டைக்காரர்களுக்குக் கொஞ்சம் கர்வம் தலை தூக்கும். தூக்காமல் என்ன செய்யும்? பக்கத்தில் குடுமியான்மலை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் சொல்லும் சங்கீதக் கல்வெட்டு அங்கேதான். பாறையிலேயே ஸ்வரங்களை வரிசை வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றி உட்கார வைத்த மான்பூண்டியா பிள்ளை எங்கள் ஊர். அவருடைய சிஷ்யர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை எங்கள் ஊர். பி.யு. சின்னப்பாவும் எங்கள் ஊர்தான்.

இத்தனை பெருமைக்கும் வாரிசாகப் பிறந்த நான், பதினைந்தாவது வயதில் என்ன கற்றுக்கொண்டேன் தெரியுமோ? "சின்ன மாமியே"யும் "சுராங்கனி"யும் கற்றுக்கொண்டேன். குடுமியான்மலைப் பாறைக்கு வாய் இருந்திருந்தால் அழுதிருக்கும்.

அது 1975-ஆம் வருஷம். புதுக்கோட்டை தனி மாவட்டமாகி ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. 1974 ஜனவரி 14-ஆம் தேதி திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டி எடுத்து எங்களுக்கு ஒரு ஜில்லா கொடுத்தார்கள். ராஜா இருந்த அரண்மனை கலெக்டர் ஆபீஸ் ஆயிற்று. என் தகப்பனார் அங்கே குமாஸ்தா. "ராஜா நடந்த இடத்தில் நடக்கிறேன்" என்று அவர் சொல்லிக்கொள்வார். மாதக் கடைசியில் மட்டும் சொல்ல மாட்டார்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய வால்வு ரேடியோ இருந்தது. போட்டால் உடனே பேசாது. முதலில் பச்சை விளக்கு எரியும். பிறகு உள்ளே சூடு ஏற வேண்டும். அதற்கப்புறந்தான் தொண்டையைக் கனைக்கும். வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்டி அதற்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். பணம் கட்டுகிறவர் தகப்பனார் ஆகையால் முள்ளைத் திருப்பும் உரிமையும் அவருக்கே இருந்தது. செய்தி கேட்பார், கச்சேரி கேட்பார். அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் முள் சிலோனுக்குத் திரும்பிவிடும்.

சிலோன் என்றுதான் சொல்லுவோம். ரேடியோ சிலோன் 1967-ல் கூட்டுத்தாபனம் ஆயிற்று. 1972-ல் நாட்டின் பெயரே ஸ்ரீலங்கா என்று மாறிற்று. எங்கள் தெருவுக்கு மட்டும் அந்தச் சேதி எட்டவில்லை.

சிலோன் எங்களுக்கு அந்நிய தேசமாகவும் தோன்றியதில்லை. அறந்தாங்கியைத் தாண்டிப் போனால் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று வரிசையாகக் கடலோர ஊர்கள். அவற்றுக்கு எதிரே பாக் ஜலசந்தி. அதற்கு அப்பால் யாழ்ப்பாணம். காற்று குறுக்கே வருகிற தூரந்தான்.

இதிலே ஒரு பழைய கதையும் உண்டு. 1952-ல் டில்லியில் மந்திரியாக இருந்த கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி ஆல் இந்தியா ரேடியோவில் அதை அமுக்கி வைத்தார். ஜனங்கள் சண்டை போடவில்லை. பேசாமல் முள்ளைத் திருப்பிக்கொண்டார்கள். வடக்கே இந்திப் பாட்டுக்கும் தெற்கே தமிழ்ப் பாட்டுக்கும் கொழும்பே தலைநகரம் ஆயிற்று. 1957-ல் விவித பாரதியைத் தொடங்கிப் பார்த்தார்கள். ஆனால் ஒரு முறை ருசி கண்ட பூனையை யார் திருப்பி அழைப்பது? காலையில் "பொங்கும் பூம்புனல்" கேட்டபடியே பல் தேய்த்த தலைமுறை நாங்கள்.

அந்த அலையில் ஏறி வந்ததுதான் பொப் இசை. நாம் பாப் என்பதை அவர்கள் பொப் என்பார்கள். போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து இலங்கைக் கரையோரத்தில் தங்கிப்போன பைலாத் தாளம். அதன்மேல் ஒரு கித்தார். அதற்குமேல் யாழ்ப்பாணத்துத் தமிழ். நித்தி கனகரத்தினம் மாமியிடம் மகளைப் பற்றி விசாரிப்பார்; கள்ளுக்கடைக்குப் போகாதே என்று புத்தி சொல்வார். ஏ.ஈ. மனோகரன் "சுராங்கனி"யைக் கூப்பிட்டால் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகள் தாமாகவே தாளம் போடும். காதலுக்காக உயிரை விடுகிற சினிமாப் பாட்டையே கேட்டுப் பழகிய எங்களுக்கு, இப்படி வீட்டு விஷயத்தைப் பாட்டாகப் பாடலாம் என்பது பெரிய விடுதலையாக இருந்தது.

விடுதலை தலையிலும் காலிலும் தெரிந்தது. முடி காதை மூடிற்று. தையல்காரரிடம் கெஞ்சிப் பெல்பாட்டம் தைத்துக்கொண்டேன். தகப்பனார் அதை மேலும் கீழும் பார்த்தார். "முனிசிபாலிடியில் தெருப் பெருக்க ஆள் எடுக்கிறார்களாம், போகிறாயா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அந்த வருஷந்தான் எங்கள் வகுப்பில் அவன் வந்து சேர்ந்தான். சிலோனிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் அவனைச் சூழ்ந்துகொண்டோம். ரேடியோவில் கேட்கிற மாதிரி பேசுவான், "சுராங்கனி"யைப் பாடிக் காட்டுவான் என்று எங்களுக்கு ஆசை. அவன் வாயைத் திறந்தான். எங்கள் ஜில்லாக் கிராமத்துப் பேச்சு வந்தது! எங்களுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

அதற்குக் காரணம் பிற்பாடு புரிந்தது. அவர்கள் யாழ்ப்பாணத்தார் அல்லர், மலைநாட்டுத் தோட்டத்தார். வெள்ளைக்காரன் காலத்தில், முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக, புதுக்கோட்டை, திருச்சி, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிக்கொண்டு போன ஜனங்களின் பேரப்பிள்ளைகள். 1948-ல் வந்த பிரஜா உரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கிற்று. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் நின்ற ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு அவரவர்க்கு எழுதிய இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். காகிதத்தில் அவர்களுக்குத் "தாயகம் திரும்பியோர்" என்று பெயர். அங்கே இருந்த மட்டும் அவனை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்ததும் நாங்கள் சிலோன்காரன் என்று கூப்பிட்டோம்.

"சுராங்கனி"யில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிங்களச் சொல்லுக்கு மீன் என்று பொருள் சொன்னவன் அவன்தான். அதுவரை அதை ஏதோ காதல் மொழி என்று நினைத்துக் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவன் தன் தாயாரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தான். மெலிந்த அம்மாள். கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. என் தாயார் உள்ளே வரச் சொல்லியும் வாசற்படியிலேயே நின்றாள்.

"தம்பிக்குக் கையெழுத்து நல்லா இருக்குமாமே. ரேடியோவுக்கு ஒரு காயிதம் எழுதித் தாங்க" என்றாள்.

அவளுடைய மூத்த மகள் அங்கேயே தங்கிவிட்டாள். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தது. புருஷன் வீட்டார் இலங்கைப் பிரஜா உரிமைக்கு எழுதிக் கொடுத்தவர்கள். பிறந்த வீட்டார் இந்தியாவுக்கு. ஒரே லயத்தில் இருந்தவர்கள் இரண்டு ஜாபிதாக்களில் போய் விழுந்தார்கள். இவர்கள் புறப்படும்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. இங்கே வந்து இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை.

"காயிதம் போய்ச் சேருதோ இல்லையோ. ரேடியோன்னா லயத்துக்கே வந்து சொல்லும். ஞாயித்துக்கெழமை அத்தனை காம்பராவுலயும் அதுதான் பாடும்."

"என்ன பாட்டும்மா கேட்கட்டும்?"

"எந்தப் பாட்டா இருந்தா என்ன தம்பி? பேருதான் முக்கியம். ஆத்தாளும் அப்பனும் உசிரோட ஊரு வந்து சேந்துட்டாங்கன்னு அவ காதுல விழுந்தாப் போதும்."

முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணி என் கையில் வைத்தாள். அயல்நாட்டுத் தபாலுக்கு அதிக ஸ்டாம்பு ஒட்ட வேண்டும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். எழுபதுகளின் பாட்டைப் பற்றிப் பத்திரிகையில் எத்தனையோ தடவை இனிக்க இனிக்க எழுதியிருக்கிறேன். இதை மட்டும் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

கையில் காசு, எதிரே வெறும் அட்டை. ரேடியோவில் தன் பெயரைக் கேட்க வேண்டும் என்கிற ஆசை எங்கள் கூட்டத்தில் யாருக்குத்தான் இல்லை? வீட்டில் கேட்டால் காசு கிடைக்காது. பாட்டு எதுவானாலும் சரி என்று அந்த அம்மாளே சொல்லிவிட்டாள் அல்லவா? "சுராங்கனி" என்று எழுதினேன். விரும்பிக் கேட்பவர்கள் என்று போட்டு, முதலில் என் பெயர். பிறகு என் தோழர்கள் ஐந்து பேர். கொட்டை எழுத்தில் அழகாக எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் அட்டையின் அடியில் ஒரு விரற்கடை இடந்தான் மிச்சம். அதிலே எறும்பு ஊர்கிற மாதிரி, ஹட்டனில் இருக்கும் மகளுக்காக என்று அவள் பெயரையும், தாய் தகப்பன் பெயரையும், என் சிநேகிதன் பெயரையும் நெருக்கி வைத்தேன். எழுதாமல் விட்டுவிடவில்லையே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அந்த அம்மாள் வந்து எங்கள் வாசற்படியில் நின்றாள். நான்காவது ஞாயிறு அட்டை வந்துவிட்டது. கடலுக்கு அப்பாலிருந்து வெண்கல மணி மாதிரி ஒரு குரல் "புதுக்கோட்டையிலிருந்து" என்றது. என் பெயர் வந்தது! என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. தோழர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆறு பெயர் ஆனதும் குரல், "மற்றும் நண்பர்கள்" என்று முடித்துக்கொண்டது. கித்தார் எழும்பிற்று.

எங்கள் கூட்டம் கூரை பறக்கக் கத்திற்று. அந்தக் கூச்சலில் வாசற்படியில் நின்றவளுக்கு ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை.

"எம் பேரு வந்துச்சா தம்பி?"

நான் சிநேகிதனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"வந்துச்சும்மா, கடைசியிலே வந்துச்சு" என்றேன்.

அவள் மகன் பக்கம் திரும்பினாள். அவன் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றான். பிறகு, "வந்துச்சாத்தா. நானும் கேட்டேன்" என்றான்.

அவள் ரேடியோ இருந்த திசையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். எனக்கும் ஒரு கும்பிடு போட்டாள். பாட்டு முடிகிறவரை நின்று கேட்டுவிட்டுத்தான் போனாள். சுராங்கனிக்குக் கொண்டுவந்த மீனைப் பற்றி ஒரு தாயார் கண் கலங்கிக் கேட்டது, அந்தப் பாட்டின் சரித்திரத்தில் அது ஒன்றுதான் இருக்கும்.

அவன் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குப் பாட்டுக் கேட்க வரவில்லை. சண்டையும் போடவில்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்டால் சொல்லிக் கொடுப்பான். இன்னொரு அட்டை ஒழுங்காக எழுதிப் போட வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். முழுப் பரீட்சை வந்தது. லீவு வந்தது. தாயகம் திரும்பியவர்களுக்காகவே அரசாங்கம் 1968 முதல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டு வந்தது. அங்கே வேலை கிடைத்து, லீவிலேயே கோத்தகிரிப் பக்கம் போய்விட்டார்கள். கடலைத் தாண்டி வந்தும் அவர்களைத் தேயிலை விடவில்லை. மகளிடமிருந்து பதில் வந்ததா, பிறந்தது ஆணா, பெண்ணா, எனக்குத் தெரியாது.

அப்புறம் காலம் ஓடிற்று. 1976-ல் "அன்னக்கிளி" வந்து இளையராஜா எங்கள் மண்ணின் தாளத்தையே எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் டேப் ரிக்கார்டர்கள் வந்து இறங்கின. ரேடியோவின் பச்சை விளக்கு ஒருநாள் எரியாமலே நின்றுவிட்டது. 1983-க்குப் பிறகு அந்தக் கடல் வழியே வந்த சேதிகளில் பாட்டு குறைந்து போயிற்று. சிலோன் மனோகர் என்று தமிழ்ப் படங்களிலும் நடித்த மனோகரன், 2018-ல் சென்னையில் காலமானார்.

சென்ற மாதம் என் பேரன் கைப்பேசியில் "சுராங்கனி"யைத் தேடிப் போட்டான். "தாத்தா, உங்க காலத்துப் பாட்டு!" என்று என் காதருகே நீட்டினான். கித்தார், தாளம், குரல் எல்லாம் ஒரு குறையுமில்லாமல் அப்படியே இருந்தன. நான் பாட்டுக்கு முன்னால் வரும் குரலுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அந்தக் காலத்துப் பாட்டை எல்லாம் எவ்வளவோ பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பாட்டுக்கு முன்னால் வாசித்த பெயர்கள்தாம் காற்றோடு போய்விட்டன. அந்தப் பெயர்களுக்காகவே ரேடியோ கேட்டவர்களும் இருந்தார்கள்.

அந்த அம்மாளின் பெயர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போதாவது கொட்டை எழுத்தில் எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். எடுத்து, கீழே வைத்துவிட்டேன். அவள் புத்தகத்தில் அச்சேற ஆசைப்பட்டுச் சில்லறை எண்ணிக் கொடுக்கவில்லை. ஹட்டன் பக்கத்தில் ஒரு லயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பெண்ணின் காதில் விழுவதற்காகக் கொடுத்தாள்.