உட்கார்ந்திருக்கும் கிளை

பட்டுக்கோட்டையிலோ மன்னார்குடியிலோ வீட்டில் இருந்தபடியே சென்னை, மும்பை தரவு மையங்களில் ஓடும் சர்வர்களைப் பராமரிப்பது இன்று காவிரி டெல்டாவில் நடக்கிற வேலைதான். 2020 மார்ச் ஊரடங்கு பலரை மடிக்கணினியோடு ஊருக்கு அனுப்பி வைத்தது. 2024 செப்டம்பரில் தஞ்சாவூரிலேயே நியோ டைடல் பூங்காவும் திறந்தாயிற்று. இவர்கள் கையாளும் பெட்டி ஒன்றாக இருந்தாலும் அதற்குள் ஓடும் கணினிகள் பல. பெட்டியின் நினைவகத்தையும் வட்டையும் மென்பொருளால் பாகம் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் தனிக் கணினிபோல நடக்கவைப்பதைத்தான் வி.எம். (மெய்நிகர் கணினி) என்கிறோம். ஐ.பி.எம். 1960களில் பெருங்கணினிகளில் செய்து பார்த்த உத்தி இது, 2007இல் கே.வி.எம். என்ற மென்பொருள் லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்தபின் சாதாரணப் பெட்டிக்கும் இலவசமாகக் கிடைத்தது. கட்டளைகள் மனப்பாடமாக இருக்க வேண்டும், இணையம் வேகமாக இருக்க வேண்டும் என்பது இந்த வேலையைப் பற்றிய பொது நினைப்பு. இரண்டும் உதவும். ஆனால் தொழில் தெரிந்தவரை அடையாளம் காட்டுவது வேறொரு பழக்கம்: தன் இணைப்பு எந்த நொடியும் அறுந்துபோகும் என்று வைத்துக்கொண்டு, தான் இல்லாவிட்டாலும் முடிகிற, அல்லது தானாகப் பழைய நிலைக்குத் திரும்புகிற வேலையை மட்டுமே அவர் தொடங்குவார்.

காரணத்தை ஒரு சின்ன வேலையில் பார்க்கலாம். புதிய வி.எம். ஒன்றுக்காகத் வி.எம்.களைச் சுமக்கும் தாய்ச் சர்வரின் பிரிட்ஜ் (வலையமைப்புப் பாலம்) அமைப்பை மாற்ற வேண்டியிருக்கிறது. எல்லா வி.எம்.களும் வெளியே போவது அந்தப் பிரிட்ஜ் வழியாக. நாம் தொலைவிலிருந்து உள்ளே நுழைந்திருக்கும் எஸ்.எஸ்.எச். இணைப்பும் அதே வழியாக. ஓர் எழுத்து பிசகினால், அறைக்குள் இருப்பவர் விசைப்பலகையைச் செருகிச் சரிசெய்துவிடுவார். முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருப்பவர் நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டியவர் ஆகிறார். கருவி செய்தவர்களுக்கும் இது தெரியும். உபுண்டுவின் ‘நெட்பிளான் டிரை’ புதிய அமைப்பைப் போட்டுவிட்டு 120 நொடி காத்திருக்கும். நாம் ஒப்புதல் தராவிட்டால் பெரும்பாலான மாற்றங்களில் பழையதற்கே திரும்பிவிடும். ஜூனிப்பர் ரவுட்டரின் ‘கமிட் கன்ஃபர்ம்டு’ இதையே 10 நிமிடக் கெடுவோடு செய்கிறது. இத்தகைய வசதி இல்லாத இடத்தில், ஐந்து நிமிடம் கழித்துப் பழைய விதிகள் தாமாக ஏறும்படி முதலில் குறித்து வைத்துவிட்டு, அதன் பிறகுதான் ஃபயர்வாலில் கை வைக்க வேண்டும். நீண்ட நேரம் ஓடும் அப்டேட்டை டிமக்ஸ் என்ற கருவிக்குள் ஓடவிடுவதும் இதற்காகத்தான்: இங்கே வைஃபை போனாலும் அங்கே வேலை பாதியில் நிற்காது.

சின்னப் பெட்டிக்காரர்களின் வீண் பயம் என்று இதை ஒதுக்க முடியாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை ஃபேஸ்புக் நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்தது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனை மென்பொருளும் ஒரு பிழையால் அதை விட்டுவிட்டது. அதைவிடப் பெரிய பாடம் அடுத்து வந்தது. கோளாறைச் சரிசெய்யும் கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால், பொறியாளர்கள் நேரில் தரவு மையத்துக்குப் போக வேண்டியதாயிற்று. பராமரிக்கும் வழியும் பயன்பாட்டு வழியும் ஒன்றாக இருந்தால், ஒன்று விழும்போது இரண்டும் விழும்.

காவிரிக்கரைக்கு இது புதுச் செய்தி இல்லை. கல்லணையில் பாசனத்துக்குக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று வழிகள் உண்டு. மிகை வெள்ளத்துக்குக் கொள்ளிடம் தனி. சர்வரிலும் ஐ.பி.எம்.ஐ. வசதி தரும் தனிச் சில்லு, தனிக் கம்பி, முடிந்தால் தனி 4ஜி மோடம் என்று ஒரு கொள்ளிடம் வேண்டும். வழி இருந்தால் மட்டும் போதாது, தாங்குகிறதா என்றும் அடிக்கடி பார்க்க வேண்டும். முக்கொம்பில் 1836இல் கட்டிய கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்ட் 22 இரவு அடித்துச் செல்லப்பட்டன. அதே ஆண்டு நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அப்படியொரு நாளில் யு.பி.எஸ். சில மணி நேரம்தான் தாங்கும். அதனால் வேறொரு ஊரில் இருக்கும் சக பணியாளரிடமும் சர்வருக்குள் நுழையும் சாவி இருக்க வேண்டும். மறுதொடக்கம் ஆனால் எந்த வி.எம். முதலில் எழ வேண்டும் என்ற வரிசையும் சர்வரிலேயே பதிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாசல் வைத்தால் திருடனுக்கும் அது வாசல்தானே என்பார்கள். நியாயமான கேள்வி. 2023 பிப்ரவரியில் வி.எம்.களை ஓட்டும் ஆயிரக்கணக்கான வி.எம்.வேர் இ.எஸ்.எக்ஸ்.ஐ. சர்வர்களின் வட்டுக் கோப்புகளைத் தாக்குநர்கள் பூட்டிப் பணம் கேட்டார்கள். இணையத்தை நோக்கித் திறந்து கிடந்த சர்வர்களே அதில் சிக்கின. அவர்கள் நுழைந்ததாகக் கருதப்பட்ட ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2021 பிப்ரவரியிலேயே வந்திருந்தது. வாசலைத் தெருவில் வைக்காமல் வி.பி.என். சுவருக்குள் வைப்பதும், திருத்தங்களைத் தள்ளிப்போடாமல் இருப்பதும்தான் இதற்குப் பதில். எல்லாவற்றையும் கிளவுட் நிறுவனத்திடம் விட்டுவிடலாமே என்பது அடுத்த கேள்வி. 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓ.வி.எச். என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் பலருக்குத் திரும்ப எடுக்க எதுவும் மிஞ்சவில்லை. கிளவுட் நம் கையிலிருந்து வாங்கிக்கொள்வது பெட்டியின் சுமையை மட்டுமே. வி.எம்.மின் ஒரு நொடி நிலையைப் பதியும் ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது, ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு பிரதி ஒரு பிரதிக்குச் சமம் என்ற கணக்கு நம்மிடமே இருக்கிறது.

ஆள் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டால் இத்தனையும் எதற்கு என்ற கேள்வியில்தான் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். கெட்டுப்போன வட்டை மாற்ற, கழன்ற கேபிளைச் செருக, அங்கே ஒரு கை வேண்டும். ஆனால் பக்கத்தில் இருப்பவருக்குப் பிழையின் விலை குறைவு. அதனால் நினைவில் வைத்தே வேலை செய்கிறார், எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு படியும் எழுத்தில் இருக்க வேண்டும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மீளும் வழி முன்பே போடப்பட்டிருக்க வேண்டும் என்று தூரம் கட்டாயப்படுத்துகிறது. காவிரியிலும் அப்படித்தான்: மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரச் சில நாட்கள் ஆகும். வழியில் இருக்கும் நீரை யாரும் திரும்ப அழைக்க முடியாது. அதனால் கணக்கெல்லாம் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஐப்பசி மழையில் கரண்ட் போவது உறுதியான ஊரில் இருப்பவருக்கு இந்த ஒழுங்கு எளிதில் கைவரும். என்டர் தட்டும் முன் அவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த நொடி இங்கே விளக்கு அணைந்தால் அங்கே என்ன ஆகும்? பதில் தெரியாத வரை விரல் இறங்கக் கூடாது.