மண்ணெண்ணெய் குடித்த மோட்டார் வண்டிகள்

யாழ்ப்பாணப் பட்டினத்தின் பஸ் நிலையத்தை அண்டிய வீதிகளிற் சிறிது நேரம் நின்று பார்ப்போர், பிற நகரங்களிற் காணுதற்கரிய காட்சியொன்றை இன்றும் இடையிடையே காண்பர். புத்தம் புதிய ஜப்பானிய வாகனங்கள் விரைந்து செல்லும் அதே வீதியில், திரண்ட முதுகும் உருண்ட முகமுங் கொண்ட ஒஸ்ரின் ஏ-40 கார் ஒன்று அவசரமேதுமின்றி அசைந்து வரும். அதன் பின்னே ஒரு மொறிஸ் மைனர் வரும்; சில வேளை ஓர் ஒஸ்ரின் கேம்பிறிஜும் வரும். பிறந்த நாடாகிய இங்கிலாந்திலே பொருட்காட்சிச்சாலைகளிலும் செல்வர் கொட்டகைகளிலும் ஓய்வு கொள்ளும் இவ்வண்டிகள், இங்கே சந்தைக்கும் கோயிலுக்கும் ஆட்களை ஏற்றிச் சென்று பிழைத்தன. அவை பிழைத்த கதையை நேயர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று.

முதலில் வண்டிகளை அறிமுகஞ் செய்வோம். நம்மவர் ‘ஏ-40’ என்று செல்லமாக அழைக்கும் வண்டிகளுட் பெயர்பெற்றது சொமர்செற் என்னும் வகை. பேர்மிங்காம் நகரத்து லோங்பிறிஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்டது. 1,200 கன சென்ரிமீற்றர் எஞ்சின், 42 குதிரை வலு, சுக்கானின் கீழே கியர்த்தடி, உடலுக்கு அடியிலே தனியான இரும்புச் சட்டம் என்பன அதன் இலக்கணங்கள்.

மொறிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தது. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரி வண்டி ஆயத்தமான பின்னர் அது ஒடுக்கமாகத் தோன்றவே, அதனை நெடுக்காக இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் நான்கு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து, அந்த அளவையே முடிவு செய்தாராம். மைனரின் முன்மூடியின் நடுவே ஓடும் மேடான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே. பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன.

இவ்வண்டிகள் இங்கு நிலைத்தமைக்கு முதற் காரணம் இறக்குமதிக் கட்டுப்பாடு. 1960 களிலிருந்து 1977 வரை இலங்கையில் புதிய கார் வாங்குதல் எளிதன்று. இருப்பதைப் பேணுவதே வழியாயிற்று. 1977 இன் பின் கதவு திறக்க, தென்னிலங்கையில் ஜப்பானிய வண்டிகள் பெருகின. வடக்கிலோ போர் மூண்டது. 1990 இல் பாதை அடைபட்டது. பெற்றோலும் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின.

அப்பொழுதுதான் இக்கிழட்டு வண்டிகளின் பெருமை வெளிப்பட்டது. பெற்றோல் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெயோ குளிர்ந்த எஞ்சினில் ஆவியாக மறுக்கும். ஆகவே அரிதிற் கிடைத்த பெற்றோலிற் சிறிதளவை முதலில் ஊட்டி எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். பற்றறி செத்திருந்தால் முன்புறத்துத் துளையிற் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினர். சொமர்செற்றின் எஞ்சின், தான் இழுத்த கலவையை ஏறத்தாழ ஏழிலொரு பங்காக மட்டுமே அழுத்துவது. அதனால் அந்தக் கீழ்த்தர எரிபொருளையும் ஒருவாறு பொறுத்துக்கொண்டது. பத்திலொரு பங்காகவும் அதற்கு மேலும் அழுத்தும் இக்காலத்து எஞ்சினுக்கு அதனை ஊட்டினால், கலவை உரிய காலத்துக்கு முன்னே வெடித்து எஞ்சினை அடித்து நொருக்கிவிடும். ஒஸ்ரினுக்கும் துன்பமில்லாமலில்லை. கரும்புகை கக்கியது, வால்வுகளிற் கரி படிந்தது, எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது. ஆயினும் ஓடியது.

கோண்டாவிற் பக்கத்து ஒழுங்கையொன்றில், பனையோலை வேலிக்குப் பின்னால் இவ்வகை வண்டிகளைத் திருத்தும் கராச் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். எழுபதைக் கடந்த மூத்த மெக்கானிக் ஒருவர் மொறிஸ் மைனரின் முன்சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தார். சில்லைத் தாங்கித் திருப்பும் புரிமூட்டைக் காட்டி, காலந் தவறாது கிறீஸ் இடாவிட்டால் அது தேய்ந்து, ஒருநாள் ஓட்டத்திலே சில்லு மடிந்துவிடும் என்று விளக்கினார். மைனரின் பலவீனம் அதுவே என்பதை மைனர் வைத்திருப்போர் எங்கும் அறிவர்.

கொழும்பிலிருந்து பழைய கார்ப் பிரியர் ஒருவரும், புதுக் கார்களில் மோகங் கொண்ட அவருடைய மருமகனும் அங்கே வந்திருந்தனர். முற்றத்தில் நின்ற சொமர்செற் ஒன்றை விலைபேச வந்தவர் பெரியவர். முன்மூடியைத் திறந்ததும் அவர் முகம் வாடிற்று. உள்ளே இருந்தது ஜப்பானிய டீசல் எஞ்சின்.

“ஐயா, எஞ்சினை மாத்தினால் இது ஒஸ்ரின் இல்லையே!” என்றார் அவர்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “தம்பி, தொண்ணூற்றைஞ்சிலை சனமெல்லாம் வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தாலை போகேக்கை, நடக்க ஏலாத கிழவியள் நாலு பேரை இதிலைதான் ஏத்தினது. இது ஒஸ்ரினோ எண்டு அண்டைக்கு ஆரும் கேக்கேல்லை.”

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்தபடி தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த அந்த இரவை அறிந்தவர்க்கு மறுமொழி கிடையாது.

எனினும் கொழும்பு அன்பரின் கட்சியையும் நாம் தள்ளிவிடுதல் முறையன்று. பழைய வண்டியைப் புதுப்பித்தல் என்பது அவர் போன்றோர்க்கு ஒரு தவம். உடலைச் சட்டத்தினின்றும் பிரித்தெடுத்து, கடற்காற்றின் உப்பு அரித்த தகட்டை வெட்டி, புதுத் தகடு ஒட்டி, மக்கிய வயர்களை நீக்கி, முன்முகத்துப் பட்டைகளுக்கு மீண்டும் பூச்சிட்டு, தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்தவாறே அதனை நிறுத்துதல் அவர் நோக்கம். அவ்வாறு ஒன்றிரண்டேனும் பேணப்படாவிட்டால், ஒஸ்ரின் எப்படி இருந்தது என்பதை நாளை எவர் அறிவார்? ஆனால் யாழ்ப்பாணத்து வண்டியின் வரலாறு 1954 உடன் முடிந்துவிடவில்லை. மாற்றப்பட்ட எஞ்சினும், லேத் பட்டறையில் கடைந்து பொருத்திய உறுப்பும் அவ்வரலாற்றின் பிற்பகுதியன்றோ?

மருமகப் பிள்ளைக்கு இவ்வாதத்திற் பொறுமையில்லை. “மாமா, இதிலை சீற் பெல்ற்கூட இல்லையே” என்றான். அவன் சொல்லிலும் நியாயம் உண்டு. மூன்று முனை இருக்கைப் பட்டியை வொல்வோ நிறுவனத்து நில்ஸ் போலின் அளித்தது 1959 இல். சொமர்செற் அதற்கு முந்தியது. சில்லுகள் இறுகி வழுக்காமற் காக்கும் மின்னணுத் தடுப்பு முறை 1978 இல் மெர்சிடிஸ் பென்ஸின் பெருங்காருக்கு வந்தது. இன்று சாதாரண மக்களின் சிறு கார்களிலும் உண்டு. செல்வர் வண்டியில் இன்று ஆடம்பரமாகத் தோன்றுவது நாளை ஏழையின் உயிரைக் காக்கலாம். றோல்ஸ் றோய்ஸ் நிறுவனமும் 2023 இல் முழு மின்சாரக் காராகிய ஸ்பெக்ரரை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கத் தொடங்கிவிட்டது.

ஆயினும் அத்தகைய வண்டியிற் பல கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவற்றுள் ஒன்று ஊமையானால், சோதனைக் கருவியும் நிறுவனத்தின் மென்பொருளுமின்றி எவராலும் பேசவைக்க இயலாது. 2020 மார்ச்சில் இந்நாட்டில் மீண்டும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இடைப்பட்ட காலத்தில், திருத்திப் பயன்படுத்துதல் என்னும் பழைய பாடத்தை முழு இலங்கையுமே திரும்பப் படித்தது. யாழ்ப்பாணம் அதனை முன்னரே மனனஞ் செய்திருந்தது.

அன்று அந்தச் சொமர்செற் விலைபோயிற்றா என்பது பெரிதன்று. இன்றில்லாவிடினும் நாளை ஒருவர் வாங்கிச் செல்வார். எம்மை வருத்தியது வேறொன்று. முன்பு அந்தக் கராச்சிலே தொழில் பழகிய பையன்கள் மூவர். இப்பொழுது ஒருவரும் இலர். அம்மூத்தவரின் அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. மண்ணெண்ணெய்க்கு ஏற்பக் காபறேற்றரை எவ்வளவு திருத்துவது, அங்குலக் கணக்கு ஆணி கிடையாதபோது எதனைக் கடைந்து இடுவது என்பனவெல்லாம் அவர் விரல்களில் இருக்கின்றன. வண்டியை விலை கொடுத்து வாங்கலாம். அவ்விரல்களை வாங்கல் இயலாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ ஊரிலோ இத்தகைய மூத்தவர் இருப்பாராயின், விடுமுறை நாளொன்றில் ஓர் அப்பியாசக் கொப்பியோடு அவரிடஞ் செல்லுங்கள். அவர் செய்வதைப் படமாக வரைந்து, சொல்வதைச் சொன்னபடியே எழுதி வாருங்கள். இயன்றால் கிறீஸ் இடவும் பழகிக்கொள்ளுங்கள்.